டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்: சட்டமன்றத்தில் மூன்றரை ஆண்டுகள்

புதுக்கோட்டை என்றவுடன் நம் குடும்பத்துப் பெரியவர்களுக்குச் சித்தன்னவாசலே முதலில் நினைவுக்கு வரும். அந்தப் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில், 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் பிறந்தவர் முத்துலட்சுமி அம்மையார். மருத்துவராகவும் அவ்வை இல்லத்தை நிறுவியவராகவும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் தாயாகவும் அவரைத் தமிழகம் நன்கு அறியும். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் அமர்ந்திருந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவருடைய வாழ்வின் மற்றப் பணிகளெல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பது அந்தக் காலத்தில்தான் என்பதால், இக்கட்டுரை அதிலேயே கூடுதலாகத் தங்கும்.

தந்தையார் நாராயணசாமி, மன்னர் கல்லூரியின் முதல்வராக விளங்கிய கல்விமான், பிராமண குலத்தவர். தாயார் சந்திரம்மாள், கோயில் பணிக்கெனப் பெண்களை அர்ப்பணிக்கும் வழக்கமுடைய இசை மரபில் வந்தவர். அத்திருமணத்தால் தந்தையாரின் உறவினர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். இரு பக்கத்துச் சுற்றமும் முழுமையாகத் தம்முடையதாகாத இல்லத்தில் அம்மையார் வளர்ந்தார். பின்னாளில் சட்டமன்றத்தில் அவர் எழுப்பிய குரலுக்கு வேர் எங்கே இருந்தது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தம் தாயின் மரபைக் காட்டி அவர் இரக்கம் தேடியதில்லை. தரவுகளையும் சட்டப் பிரிவுகளையும் மருத்துவ அனுபவத்தையும் கொண்டே வாதிட்டார்.

பெண் குழந்தை பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது அக்கால வழக்கம். முத்துலட்சுமியும் நிறுத்தப்பட்டார். விரைவில் மணமுடித்துவிட வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். தந்தையாரோ வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்து, மகளைத் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதச் செய்தார். அடுத்த படி கல்லூரி. ஊரில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி. ஒரு பெண், அதிலும் இந்தக் குடும்பத்துப் பெண், தம் பிள்ளைகளோடு அமர்ந்து படிப்பதா என்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாது, 1904ஆம் ஆண்டில் அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டு, உதவித் தொகையும் அளித்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்கு வந்து, வகுப்பில் மாணவர் கண்ணில் படாதவாறு திரைக்கு இப்பால் அமர்ந்து பாடம் கேட்டார் என்பர். எவரையோ காப்பதற்காக இட்ட திரை; அது யாரைக் காத்தது என்பது வேறு கேள்வி.

1907ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912ஆம் ஆண்டில் பரிசுகளும் பதக்கங்களும் பெற்றுப் பட்டம் பெற்றார். அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். 1914ஆம் ஆண்டில் மருத்துவர் சுந்தர ரெட்டியை 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடையாக நிற்கக்கூடாது என்ற நிபந்தனையை ஏற்ற பிறகே அம்மையார் இசைந்தார். அந்த வாக்கை அவர் கணவர் இறுதிவரை காத்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு புதல்வர்கள் பிறந்தனர்.

மகப்பேறு மருத்துவர் என்ற முறையில் அம்மையார் நாள்தோறும் கண்டவை அவருடைய அரசியலுக்கு அடித்தளமாயின. பதின்மூன்று, பதினான்கு வயதில் தாயாகும் சிறுமிகள். பிள்ளைப்பேற்றில் மடியும் இளம்பெண்கள். மருத்துவமனைக்கு அழைத்துவரத் தாமதித்ததால் இறக்கும் குழந்தைகள். 1923ஆம் ஆண்டில் அவருடைய தங்கையே புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று தொடக்கத்தில் சரியாகக் கண்டறியப்படவில்லை. மருத்துவரான தமக்கை அருகிலிருந்தும் காக்க இயலாத அந்த மரணம் அவர் நெஞ்சைவிட்டு அகலவேயில்லை. 1925ஆம் ஆண்டில் அரசின் உதவித் தொகையோடு இங்கிலாந்து சென்று பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற்றபோது, புற்றுநோய் மருத்துவமனை ஒன்றிலும் சில காலம் பயின்றார். மறு ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார்.

அவர் நாடு திரும்பியபோது சென்னை மாகாணத்தில் ஒரு புதிய வாயில் திறந்திருந்தது. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியதில் 1921ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் இந்திய மாகாணங்களுள் முந்திக்கொண்டது. சொத்துத் தகுதி உடையோருக்கே வாக்கு என்பதால் பயனடைந்தவர் சிலரே. ஆயினும் தடை நீங்கியது. பெண்கள் சட்டமன்றத்தில் உறுப்பினராகலாம் என்ற உரிமை 1926ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் மங்களூர்ப் பகுதியில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயர் மிகச் சொற்ப வாக்குகளில் தோற்றார். தேர்தல் வழி பெண் ஒருவரும் வரவில்லை. அடையாற்றில் 1917ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியப் பெண்கள் சங்கம், நியமன உறுப்பினர்களுள் ஒருவராகவேனும் பெண் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்தி முத்துலட்சுமி அம்மையாரின் பெயரை முன்வைத்தது. அரசும் அதை ஏற்றது.

அம்மையாருக்கு முதலில் மனமில்லை. மருத்துவத் தொழில் பாதிக்கப்படும், அரசியல் அனுபவமும் தமக்கில்லை என்று தயங்கினார். நண்பர்களும் கணவரும் ஊக்குவித்த பிறகே இசைந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமன்றங்களில் இடம்பெற்ற முதல் பெண் என்ற சிறப்பு அவரைச் சேர்ந்தது. 132 உறுப்பினர் கொண்ட அவையில் அவர் ஒருவரே பெண். 1927ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவை கூடியபோது, எதிர்ப்பின்றி அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர். டாக்டர் சுப்பராயன் முதலமைச்சராக இருந்த காலம் அது.

துணைத் தலைவர் பதவியை மரியாதைக்குரிய அலங்காரமாக வைத்துக்கொண்டு அமைதியாக இருந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அம்மையார் அப்படி இருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும். குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டும். ஏழைப் பெண்களுக்குக் கல்விச் சலுகை வேண்டும். முஸ்லிம் பெண்கள் தங்கிப் படிக்க விடுதி வேண்டும் என்று அடுத்தடுத்துக் கோரிக்கைகளை வைத்தார். அவற்றைப் படிக்கும்போது, நோயாளியின் படுக்கைக்கு அருகில் எழுதிய குறிப்புகளை அப்படியே அவைக்கு எடுத்துவந்தார் போலத் தோன்றும். பெண்ணின் திருமண வயதைப் பதினாறாகவும் ஆணின் வயதை இருபத்தொன்றாகவும் உயர்த்த வேண்டும் என அவர் கொண்டுவந்த தீர்மானமும் அத்தகையதே. பிறகு மத்திய சட்டமன்றத்தில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு என்ற அளவோடு நின்றது. விபசார விடுதிகளை ஒடுக்கவும் சிறுமிகளை மீட்கவும் வகைசெய்த 1930ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் அவர் பெரிதும் உழைத்தார். இடையில் இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் உறுப்பினராகி, பல மாகாணங்களைச் சுற்றி வந்தார்.

இவை எல்லாவற்றிலும் கடினமானது தேவதாசி முறை ஒழிப்பு. அதன் நடைமுறையைச் சற்று விளங்கிக்கொண்டால்தான் அம்மையார் கையாண்ட வழி புரியும். கோயிலில் ஆடல், பாடல், விளக்கேந்துதல் முதலிய பணிகளுக்காகப் பெண்கள் பொட்டுக் கட்டப்பட்டனர். அப்பணிக்கு ஊதியமாகக் கோயில் நிலம் மானியமாக, அதாவது இனாமாக அவர்களுக்கு விடப்பட்டிருந்தது. பணி நின்றால் நிலம் போய்விடும். ஆகவே ஒரு தலைமுறைப் பெண்ணுக்கு வயதாகும்போது, நிலத்தைக் காக்க வேண்டியே அடுத்த தலைமுறையில் ஒரு சிறுமிக்குப் பொட்டுக் கட்ட வேண்டியிருந்தது. சமய நம்பிக்கை ஒருபுறம் இருக்க, அக்குடும்பங்களைக் கட்டி வைத்த கயிறு பொருளாதாரக் கயிறு.

1927ஆம் ஆண்டு நவம்பரில் அம்மையார் முதலில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். சிறுமிகளைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் வழக்கத்தைத் தடுக்க அரசு சட்டம் இயற்ற வேண்டும் என்பது அதன் சாரம். அவை ஏற்றது. ஆனால் தீர்மானம் என்பது பரிந்துரை மட்டுமே. அரசு கேட்டுக்கொண்டு சும்மா இருக்கலாம். அவர் அதோடு விடவில்லை. இந்து அறநிலையச் சட்டத்திற்குத் திருத்த மசோதா ஒன்றைத் தாமே கொணர்ந்தார். மானிய நிலத்தைப் பணி நிபந்தனையிலிருந்து விடுவித்து, அதை அனுபவிக்கும் பெண்ணிடமே நிலைக்கச் செய்வதும், கோயிலுக்குரிய தொகையை மட்டும் அவள் செலுத்திவரச் செய்வதும் அதன் நோக்கம். 1929ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. பெண்ணின் சோற்றைப் பறிக்காமல் அவள் கழுத்துக் கயிற்றை மட்டும் அறுத்த சட்டம் அது. அவருடைய சட்டமன்றப் பணிகளுள் மிக நுட்பமானது இதுவே என்பது என் கருத்து. பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் அடுத்த மசோதாவின் புகழ் இதை மறைத்துவிட்டது.

அந்த அடுத்த மசோதாவை எதிர்த்தவர்கள் பலர். ஆலய மரபில் அரசு தலையிடலாகாது என்றார்கள் சிலர். தேசியத் தலைவர்களுள் சிறந்த நாவலரான சத்தியமூர்த்தியும் எதிரணியில் நின்றார். காந்தியடிகளின் ஆதரவு அம்மையாருக்கு இருந்தது. தேவதாசிக் குலத்திலேயே பிறந்து அம்முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் துணை நின்றார்.

எதிர்த்தவர்களுள் நாம் மறக்கக்கூடாதவர்கள் அத்தேவதாசிகளே. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெருங்கலைஞர்களும் சென்னையில் இருந்த தேவதாசிகள் சங்கத்தாரும் அரசுக்கு முறையீடு அனுப்பினர். தாங்கள் கலையையும் இறைபணியையும் காப்பவர்கள். விபசாரிகளோடு தங்களைச் சேர்த்து எண்ணுவது அநீதி. குறை இருந்தால் கல்வி தந்து திருத்த வேண்டுமே அன்றித் தண்டிக்கலாகாது என்பது அவர்கள் வாதம். அக்காலத்தில் ஏனைய இந்துப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமையும் பெண்மகவைத் தத்தெடுக்கும் உரிமையும் அவர்களுக்கு வழக்கத்தில் இருந்தன. அவ்வாதத்தில் நியாயம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அம்மையாரின் பார்வை முதிர்ந்த கலைஞர்மீது படியவில்லை. எதுவும் அறியாத வயதில் பொட்டுக் கட்டப்பட இருந்த சிறுமியின்மீதே படிந்திருந்தது. அச்சிறுமிக்கு முறையீடு அனுப்பச் சங்கம் இல்லை. 1932ஆம் ஆண்டில் சதிராட்டத்தைப் பொதுமேடையில் ஆடுவது குறித்து ஈ. கிருஷ்ணய்யரோடு அவர் பத்திரிகையில் நடத்திய விவாதம் புகழ்பெற்றது. ஆட்டத்தின்மீது அவர் காட்டிய கடுமை தேவைக்கு மிகையானது என்றே இன்று தோன்றுகிறது. கலை பிழைத்தது, ஆனால் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடும்பங்களுள் பல மேடையிலிருந்து விலகிப் போயின. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

மசோதா நிலுவையில் இருக்கும்போதே உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. 1930ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அம்மையார் காங்கிரஸ் உறுப்பினராக அவைக்கு வந்தவர் அல்லர், அரசால் நியமிக்கப்பட்டவர். பதவியில் தொடர்ந்திருந்தால் குறை சொல்வார் இலர். தம் உயிர்மூச்சான மசோதாவையும் முன்னே நகர்த்தியிருக்கலாம். அவர் பதவியைத் துறந்தார். மசோதாவை அவையில் விட்டுவிட்டு வெளியேறுவது அவருக்கு எளிதாக இருந்திருக்க முடியாது. அதே ஆண்டில் தம் சட்டமன்ற அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாக எழுதி வெளியிட்டார்.

அவையில் முடியாதது வீட்டு வாயிலில் வந்து நின்றது. பொட்டுக் கட்டுவதிலிருந்து தப்பிய சில சிறுமிகள் அடைக்கலம் கேட்டு அம்மையாரிடம் வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. பிற மாணவியரின் பெற்றோர் ஆட்சேபிப்பார்கள் என்பது காரணம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டைக் கல்லூரி வாயிலில் அவர் கேட்ட அதே காரணம். சிறுமிகளைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அவ்வாறு தோன்றியதே அவ்வை இல்லம். பிறகு அடையாற்றில் நிலைபெற்று, ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் உறைவிடமும் பள்ளியும் தொழிற்பயிற்சியும் அளித்தது. சாதி, சமயம் கேட்காமல் சேர்த்துக்கொள்வது தொடக்கத்திலிருந்தே அதன் வழக்கம். சட்டம் ஒரு சிறுமியைத் தடுத்து நிறுத்தலாம். அன்றிரவு அவள் எங்கே உறங்குவாள் என்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

1933ஆம் ஆண்டில் இந்திய அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த பாராளுமன்றக் கூட்டுக்குழுவின் முன், இராஜகுமாரி அம்ருத் கௌர், ஹமீத் அலி அம்மையார் ஆகியோரோடு இலண்டனில் சாட்சியம் அளித்தார். கணவனின் சொத்தைக் காட்டி மனைவிக்கு வாக்குரிமை தருவதையும் பெண்களைச் சமய வாரியாகப் பிரித்துத் தொகுதி ஒதுக்குவதையும் அவர்கள் ஏற்கவில்லை. பின்னர்ச் சென்னை மாநகராட்சியிலும் ஆல்டர்மேன் பதவி வகித்தார். இந்தியப் பெண்கள் சங்கத்தின் 'ஸ்திரீ தர்மா' இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்று நடத்தினார். 1943ஆம் ஆண்டில் கணவர் மறைந்தார்.

அம்மையார் விட்டுச்சென்ற மசோதாவின் கதை பதினேழு ஆண்டுகள் நீண்டது. நாடு விடுதலை பெற்ற சில வாரங்களில், நம் திண்டிவனம் பகுதியைச் சேர்ந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1947ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் தேவதாசி அர்ப்பணிப்புத் தடுப்பு மசோதா நிறைவேறியது. அந்த அமைச்சரவையில் சுப்பராயனும் இருந்தார். 1927இல் முதலமைச்சர் இருக்கையிலிருந்து அம்மையாரின் பேச்சைக் கேட்டவர் அவர். அம்மையாருக்கு அப்போது வயது அறுபத்தொன்று. அவையில் அவருக்கு இருக்கை இல்லை.

எஞ்சியிருந்தது தங்கையின் கடன். 1935ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். ஆட்சியாளரிடம் பலமுறை முறையிட்டும் பயன் விரைவில் கிட்டவில்லை. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்களுக்காக ஏன் செலவிட வேண்டும் என்ற எண்ணம் மருத்துவரிடையேயும் இருந்த காலம் அது. அம்மையார் பெண்கள் சங்கத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார். வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவம் பயின்று திரும்பிய மகன் கிருஷ்ணமூர்த்தி உடன் நின்றார். 1952ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மறு ஆண்டு டாக்டர் சாந்தா அங்கே பணியில் சேர்ந்தார்.

1956ஆம் ஆண்டில் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. மாநிலச் சமூக நல வாரியத்தின் தலைமைப் பொறுப்பையும் அக்காலத்தில் வகித்தார். முதுமையிலும் அவ்வை இல்லத்துப் பிள்ளைகளும் புற்றுநோய் மருத்துவமனையும் அவருடைய அன்றாடக் கவலைகளாக இருந்தன. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டு வயது நிறைவதற்கு எட்டு நாள்களே இருக்கையில், சென்னையில் காலமானார். ஏழைத் தாய்மார்களுக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்று அவர் பெயரால் நடக்கிறது.